பணம் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது?

கோத்தகிரியில் உங்கள் வாசகர் வட்டம் சென்ற நவம்பரில் நூலகத்தின் பின்னறையில் ‘கூழாங்கல்’ படத்தைத் திரையிட்டதாகவும், வந்திருந்த 25 பேரில் பாதிப் பேர் இடையிலேயே எழுந்து போய்விட்டதாகவும், கடைசிவரை உட்கார்ந்திருந்த உங்களுக்கே பொறுமை தளர்ந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையொட்டி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குறைந்த செலவில் எடுக்கப்படும் இத்தகைய படங்களை ரசிப்பதற்குத் தனிப் பயிற்சி ஏதும் வேண்டுமா என்பது முதல் கேள்வி. கையில் பணம் இல்லாததால் நேர்ந்த குறைகளுக்குத்தான் நாம் கலை என்று பெயர் சூட்டிக் கொண்டாடுகிறோமா என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வி கடுமையானது, ஆனால் நேர்மையானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பணம் இல்லாமல் எடுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் படமும் நல்ல படமாகிவிடாது. ‘பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறார்கள்’ என்று இரக்கப்பட்டு ஒரு படத்தைப் பாராட்டுவது, பரீட்சையில் தேறாத பிள்ளைக்குக் கருணை மதிப்பெண் போடுவதைப் போன்றது. நன்றாக எழுதிய பிள்ளைக்கும் அதே கருணை மதிப்பெண்ணைப் போட்டால் அது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதியாகும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மலையில் இத்தகைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தும், நாலு பேரைக் கூட்டி வைத்துத் திரையிட்டும் வந்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு படம் எதைச் செலவழித்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பணத்தைச் செலவழிக்க இயலாத ஒருவர் வேறொன்றைச் செலவழித்துத்தான் படத்தை முடித்திருப்பார். நல்ல படங்களில் அந்த வேறொன்று பெரும்பாலும் காலமாகவே இருக்கிறது.

சினிமாவில் பணம் என்ன வேலை செய்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஊட்டியிலும் கேத்தியிலும் லவ்டேலிலும் படப்பிடிப்பு நடக்கும்போது சாலையோரத்தில் நிற்கும் ஜெனரேட்டர் வண்டியையும் கேரவன்களையும் சாப்பாட்டு வேனையும் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. மூடுபனி இறங்கியிருக்கும் நாளில்கூடப் படப்பிடிப்புக் குழுவினர் மெஷின் வைத்துப் புகை போடுவதைப் பார்த்துச் சிறுவயதில் நான் வியந்திருக்கிறேன். காரணம் பிறகுதான் புரிந்தது. உண்மையான பனி பத்து மணிக்கு இருக்கும், பத்தரைக்குக் கலைந்துவிடும். ஒரே காட்சியில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். நூறு பேருக்கு ஒரு நாள் பேட்டா கொடுக்கும் தயாரிப்பாளரால் பனி திரும்ப வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பிரமாண்டத்தைவிட முக்கியமாகப் பணம் வாங்கித் தருவது இதைத்தான்: எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்ற வசதி.

இனி அந்த வசதி இல்லாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பரில், கோடநாடு போகும் சாலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆறு இளைஞர்கள் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கேமரா, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, வாடகைக்கு ஒரு ஜீப். தங்கல் ஒரு டீக்கடைக்காரர் வீட்டில். பறித்த இலையை எடை போடுவதற்காகப் பெண்கள் பனிக்குள்ளிருந்து மேலேறி வருவதுபோல ஒரு ஷாட் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மூன்று நாள் காலையிலும் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. வேறு வேலை இல்லாமல் எடை போடும் இடத்தில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் கூட இருந்தேன். நான்காம் நாள் பனி வந்தது. ஒளிப்பதிவாளர் கேமராவை முகத்தின் உயரத்தில் வைக்காமல், எடைத் தராசின் கொக்கி தொங்கும் உயரத்தில் வைத்தார். படத்தில் அந்தப் பெண்கள் இடுப்பு அளவில்தான் தெரிகிறார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் சாக்கிலிருந்து பனிநீரை முதலில் உதறுகிறார்கள். கறை படிந்த விரல்களால் பையின் வாயைச் சுருட்டுகிறார்கள். பை ஏறியதும் கொக்கி நடுங்கி நிற்கிறது. அது நிற்கும்வரை அந்தக் கைகள் பையை விடுவதா வேண்டாமா என்று பக்கத்திலேயே இருக்கின்றன. ஏன் முகத்தை எடுக்கவில்லை என்று கேட்டேன். “மூன்று நாளாக நாங்கள் இங்கே பார்த்தது இதைத்தான், ஐயா” என்றார். முதல் நாளே பனி வந்திருந்தால், பனிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டு வரும் முகங்களை, நாட்காட்டியில் வருவதுபோல, எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த நடுங்கும் கொக்கி, காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி.

சினிமா வரலாற்றிலும் இதையே பார்க்கலாம். சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1952-ல் விடுமுறை நாட்களில் ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பைத் தொடங்கினார். நாணற்பூக் காட்டில் அக்காவும் தம்பியும் வரும் காட்சியில் ஒரு பகுதியை முதல் நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார்கள். பணம் தீர்ந்து படப்பிடிப்பு நிற்பதும், மேற்கு வங்க அரசின் உதவியால் மீண்டும் தொடங்குவதுமாக 1955-ல் படம் வெளிவந்தது. படப்பிடிப்பு இப்படி நீண்டதால் சினிமாவைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்ததாக ராய் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நம் காலத்தில் அசாமின் ரீமா தாஸ் இதைவிடவும் துணிந்த காரியம் செய்தார். தன் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகளையே நடிக்கவைத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, சில ஆண்டுகள் எடுத்த ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ 2018-ல் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதில் வரும் வெள்ளம் அந்த ஊரில் வந்த வெள்ளமேதான். சேறு வற்றுவதும் பிள்ளைகளின் கை கால் நீளுவதும் திரையில் தெரிகின்றன. அதை எந்த பட்ஜெட்டாலும் வாங்க முடியாது.

இங்கே நீலகிரிக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை பிலிமும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. என் தாய்மாமா அங்கே இருட்டறைப் பிரிவில் வேலை பார்த்தவர். வெளிச்சம் பட்டால் வீண் என்பதால் பிலிமின் எந்தப் பக்கத்தில் பூச்சு இருக்கிறது என்பதை விரல் நுனியால் தடவியே சொல்வார். பிலிம் என்பது அடிக்கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். 35 எம்.எம். கேமராவில் 400 அடி ரோல் ஒன்று நான்கரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். அன்றைய ஏழை இயக்குநர் நாள் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, ஒரே டேக்கில் எடுத்தாக வேண்டும். இன்று டிஜிட்டல் கேமராவில் காட்சியைப் பதிவுசெய்யும் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. இப்போது விலை கூடியிருப்பது மனிதர்களின் நாட்களுக்கும், நல்ல ஒலிக்கும், படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிக்கும்தான். இது தெரிந்திருந்தால், படம் பார்க்கும்போது எந்த இடத்தில் இயக்குநர் கையைச் சுருக்கிக்கொண்டார், எந்த இடத்தில் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டினார் என்று கண்டுபிடிக்க முடியும். அதைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி ருசி.

இனி ‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இந்தப் படம் 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. இந்த விவரங்களைத் திரையிடலுக்கு முன் அறிவித்தீர்களா என்று தெரியவில்லை. அறிவித்திருந்தால், அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். விருது வாங்கிய படம் என்றதும் பார்வையாளர் பரீட்சை எழுதுகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார், பத்து நிமிடத்தில் களைத்துப்போகிறார். சுமார் ஒன்றேகால் மணி நேரப் படம் அது. குடிகாரத் தகப்பன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்து வருவதற்காகப் பள்ளியிலிருந்து மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது இருவரும் வறண்ட நிலத்தில் வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். ‘நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்று நீங்கள் எழுதிய குறை உண்மைதான். ஆனால் அந்த நடையை வெட்டிச் சுருக்கி, ‘சிறிது நேரத்துக்குப் பின்’ என்பதுபோல வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், அந்தக் கூழாங்கல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? தாகம் எடுத்த சிறுவன் வழியில் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, எச்சில் ஊற, அதைச் சப்பிக்கொண்டே நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கூழாங்கற்கள் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு வசனம் இல்லை. எத்தனை முறை அவன் இப்படி நடந்திருக்கிறான் என்பது அந்தக் குவியலைப் பார்த்த நொடியில் நம் நெஞ்சில் இறங்குகிறது. நம்மையும் அந்த வெயிலில் நடக்கவைத்த பிறகுதான் அது இறங்கும். குளிருக்குக் கம்பளிக்குள் முடங்கி உட்கார்ந்திருக்கும் கோத்தகிரிக்காரருக்கு, படம் நடக்கும் மேலூர்ப் பக்கத்து வெயிலை உணர்த்துவதற்கு இயக்குநரிடம் வேறு கருவி இல்லை. நேரம் ஒன்றுதான் இருந்தது.

உங்கள் திரையிடலில் எனக்குக் குறையாகத் தோன்றுவது வேறொன்று. நூலகத்தின் பின்னறைக்குத் தகரக் கூரை. நவம்பர் என்றால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. மடிக்கணினியோடு இணைத்த சிறிய ஸ்பீக்கரில் ஒலி வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் நண்பர்கள் அந்தப் படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெரிய படங்களில் எங்கே பயப்பட வேண்டும், எங்கே கலங்க வேண்டும் என்பதைப் பின்னணி இசை உரக்கச் சொல்லிவிடும். மழையையும் மீறி அது காதில் விழும். இத்தகைய படங்களில் அந்த வேலையைச் செய்வது செருப்பின் உரசலும் காற்றும் எங்கோ அழும் குழந்தையும்தான். அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவிக் கோயம்புத்தூரில் எடுக்கப்பட்ட படம்; ஒரு துணிக்கடை விற்பனையாளரின் ஒரு நாள். அவர் தண்ணீர் பிடிக்கிறார், மனைவியை பஸ் ஏற்றி அனுப்புகிறார், கடையில் புடவைகளை விரித்துக் காட்டுகிறார். இத்தனைக்கும் நடுவே தெருவில் எங்கோ ஒலிபெருக்கியில் வெறுப்புப் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறது. படத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு அது சாதுவான ஒரு மனிதரின் சாதாரண நாள். காதாலும் பார்ப்பவருக்கு முடிவு நெருங்கி வருவது முதலிலிருந்தே தெரிந்துகொண்டிருக்கும். ஆகவே பயிற்சி வேண்டுமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் மழையில்லாத ஒரு மாலையும் வேண்டும். அதற்கு மேல் வேண்டிய பயிற்சியைப் படமே கொடுத்துவிடும்.

நடிப்பைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் பேசும்போது நம் மலைமக்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. எத்தனையோ பாடல் காட்சிகளில் நம் தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளமாக வந்து போயிருக்கின்றன. அவற்றில் இலை பறிப்பதாக நடிப்பவர்கள் செடியைக் கையால் கோதிவிட்டுப் போவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிறவர்கள், இப்போது கத்திரியால் வெட்டித் தோள்பட்டை வலியோடு உறங்குகிறவர்கள், அதைப் பார்த்துத் திரையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். லெனின் பாரதி இயக்கி 2018-ல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் மலை என்பது மனிதர்கள் வேலை செய்யும் இடமாக இருக்கிறது. தேனிப் பக்கத்து மலைப்பாதையில் சுமை தூக்குகிறவர்கள் எந்தக் கல்லில் கால் வைப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்பது அந்த உடம்புகளுக்குத் தெரிந்திருக்கிறது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்ற கனவோடு ரங்கசாமி சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறிப்போகும் காட்சி ஒன்று உண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் இலை மூட்டை சுமந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். மூட்டை கைவிட்டுப் போனபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தம் வலது தோளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கையை எடுத்தார். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அந்தக் கை சொன்ன அளவுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொன்னதற்காகக் குறைகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதாக எண்ண வேண்டாம். வசனம் காதில் விழாத அளவுக்கு ஒலி மோசமாக இருந்தால் அது குறைதான். யாரும் பேசாத தமிழில் வசனம் எழுதப்பட்டிருந்தால் அதற்குப் பணமின்மையைக் காரணம் சொல்ல முடியாது; காகிதத்துக்கும் பேனாவுக்கும் ஆகும் செலவு எல்லோருக்கும் ஒன்றுதான். இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது, வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படங்கள். நம் பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் சுருக்கங்களைக் கேமரா இரண்டு நிமிடம் தடவிக்கொண்டே இருந்தது. அவர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார், யாருக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் கேமராவுக்கு இல்லை. மெதுவாக நகர்வதால் மட்டும் ஒரு படம் ஆழமாகிவிடாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: ஒரு ஷாட் நீளும்போது, பத்தாவது விநாடியில் தெரியாதது முப்பதாவது விநாடியில் எனக்குத் தெரிய வருகிறதா? வருகிறது என்றால் அந்த நீளம் எனக்குத் தரப்பட்ட மரியாதை. வரவில்லை என்றால், எழுந்து போன உங்கள் நண்பர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

படம் பார்க்கும் கூட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆப்ரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடமே காசு திரட்டி, 1986-ல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். படத்துக்குப் பணம் போட்டவர்களே அதன் பார்வையாளர்கள். நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், இத்தகைய படம் ஊட்டியிலோ குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தியேட்டருக்கு வந்தால் முதல் மூன்று நாட்களுக்குள் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட முடியும். நான்காம் நாள் போகலாம் என்று இருந்தவர்களுக்கு அந்தப் படம் இருப்பதே இல்லை, அதற்குள் தூக்கிவிடுகிறார்கள். நீங்கள் திரையிடும்போதும் முறைப்படி உரிமை பெற்று, அதற்கான கட்டணத்தைக் கூட்டத்தில் உண்டியல் வைத்தேனும் திரட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த திரையிடலைப் பிப்ரவரியில் வையுங்கள். அப்போது மழை இராது, இரவு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் மாலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடலாம். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் போடுங்கள். வாசகர் வட்டத்தாரை மட்டும் அழைக்காமல், பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காக்களையும் பெரியவர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். படம் முடிந்ததும் முதலில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள். நீங்களும் நானும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அதற்கு முன்பாக, சென்ற முறை எழுந்து போனவர்களை ஒருநாள் உங்கள் வீட்டுக்கு அழைத்து, ஹெட்போனையாவது கொடுத்து, ‘கூழாங்கல்’ படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பெண்கள் ஒரு குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒருத்தி மொண்டு முடித்தால், அடுத்தவள் தண்ணீர் மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். கேமராவும் அவளோடு காத்திருக்கிறது. உங்கள் நண்பர்கள் அந்தக் குழியைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.